சாகும்வரை சிறை: பரோல் இல்லாத ஆயுள் தண்டனை என்றால் என்ன?

கொடூரமான கொலை வழக்கு ஒன்றில் தீர்ப்பு வருகிறது. குற்றவாளி தன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறையில் இருக்க வேண்டும், தண்டனைக் குறைப்பு எதுவும் கிடையாது என்கிறது நீதிமன்றம். செய்தியைப் படிப்பவர்களில் பாதிப்பேர் ‘எப்படியும் பதினான்கு வருடத்தில் வெளியே வந்துவிடுவான்’ என்கிறார்கள். மீதிப்பேர் ‘தூக்கில் போட்டிருக்க வேண்டும், தப்பித்துவிட்டான்’ என்கிறார்கள். இரண்டு பேச்சுமே இந்தத் தண்டனை என்ன என்பதைத் தவறவிடுகின்றன. பதினான்கு ஆண்டில் வெளியே வரும் வழியை அடைப்பதற்காகவே இது விதிக்கப்படுகிறது. தப்பித்துவிட்டான் என்று சொல்லவும் இதில் இடமில்லை. உள்ளே போகும் மனிதர் உயிரோடு திரும்ப மாட்டார் என்று சட்டம் முதல் நாளிலேயே முடிவுகட்டிவிடுகிறது.

உலகில் மரண தண்டனையைப் பற்றி எழுதப்படுவதில் நூறில் ஒரு பங்குகூட இந்தத் தண்டனையைப் பற்றி எழுதப்படுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை. சாதாரண ஆயுள் தண்டனை எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால் போதும்.

இரண்டு முடிவுகள்

பெரும்பாலான நாடுகளில் ஓர் ஆயுள் தண்டனைக்குள் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. முதல் முடிவை எடுப்பவர் நீதிபதி. குற்றம் நடந்த விதத்தையும் சாட்சியங்களையும் பார்த்து ‘ஆயுள்’ என்கிறார். குறைந்தது இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தாக வேண்டும் என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வரும். சில நாடுகளில் சட்டமே அந்த எண்ணை நிர்ணயித்துவிடும்.

இரண்டாம் முடிவு பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ஒரு வாரியமோ நீதிமன்றமோ அந்தக் கைதியின் கோப்பை எடுத்துப் பார்க்கிறது. சிறையில் எப்படி நடந்துகொண்டார், படித்தாரா, ஏதாவது தொழில் கற்றாரா, செய்ததை உணர்ந்திருக்கிறாரா, வெளியே விட்டால் யாருக்காவது ஆபத்து உண்டா, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கிறது. திருப்தி இல்லையென்றால் மறுத்துவிடும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்கலாம். திருப்தி என்றால் நிபந்தனைகளோடு வெளியே விடும். குறிப்பிட்ட அதிகாரியிடம் தவறாமல் வந்து நிற்க வேண்டும், சில இடங்களுக்குப் போகக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள். மீறினால் மீண்டும் சிறை. இந்த நிபந்தனை விடுதலைக்குத்தான் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரோல் என்று பெயர்.

பரோல் இல்லாத ஆயுள் தண்டனை இந்த இரண்டாவது முடிவை அடியோடு நீக்கிவிடுகிறது. இருபது ஆண்டு, நாற்பது ஆண்டு, அறுபது ஆண்டு என எத்தனை கடந்தாலும் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் கிடையாது. தண்டனையின் நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். சாதாரண ஆயுள் கைதி ஒருவரும் சிறையிலேயே இறக்கக்கூடும். வாரியம் ஒவ்வொரு முறையும் மறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவரை யாரோ பார்த்தார்கள், கேட்டார்கள், யோசித்து மறுத்தார்கள். இந்தத் தண்டனை பெற்றவர் விஷயத்தில் அந்தப் பார்வையே சட்டப்படி முடிந்துபோய்விட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்தியச் செய்திகளில் ‘பரோலில் வந்தார்’ என்று வருவது வேறு சங்கதி. தாயார் இறந்துவிட்டார், மகளுக்குத் திருமணம், உடல்நிலை மோசம் என்பது போன்ற காரணங்களுக்காகக் கைதி சில நாட்களோ வாரங்களோ விடுப்பில் வெளியே வருவதும், கெடு முடிந்ததும் சிறைக்குத் திரும்புவதும்தான் அது. அமெரிக்கப் பரோலுக்கு இந்தியாவில் ஈடாக இருப்பது முன்விடுதலை, அதாவது அரசு தண்டனையின் மீதிப் பகுதியைக் குறைத்து முன்கூட்டியே விடுவிப்பது. ஆகவே இந்திய நீதிமன்றம் ஒன்று இப்படிப்பட்ட தண்டனையை விதிக்கும்போது ‘பரோல் இல்லை’ என்பதைவிடத் ‘தண்டனைக் குறைப்பு இல்லை’ என்ற சொற்களைத்தான் பயன்படுத்தும்.

பதினான்கு ஆண்டுக் கதை

ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள் என்று இந்தியாவில் மிகப் பலர் உறுதியாக நம்புகிறார்கள். சட்டம் அப்படி எங்கும் சொல்லவில்லை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தண்டனைக் குறைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் தன் காலம் முடிந்துவிட்டது என்று வாதாடினார். 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை என்றால் அந்த மனிதரின் எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும் என்று தெளிவுபடுத்தியது. இன்றுவரை அதுவே நிலை.

பிறகு பதினான்கு எங்கிருந்து வந்தது? 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டுகள் உண்மையாகச் சிறையில் கழிக்காமல் அரசு விடுவிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475ஆவது பிரிவாக இருக்கிறது. அதாவது அரசு அவசரப்பட்டு விடுவித்துவிடாமல் இருக்கப் போடப்பட்ட கீழ் எல்லையை மக்கள் மேல் எல்லையாகப் படித்துவிட்டார்கள். பதினான்கு ஆண்டு முடிந்ததும் விடுதலை கிடைக்கும் என்ற உரிமை எந்தக் கைதிக்கும் இல்லை. தன் விண்ணப்பத்தை விதிப்படி பரிசீலியுங்கள் என்று கேட்கும் உரிமை மட்டுமே உண்டு.

ஆக, இந்தியச் சட்டத்தில் ஆயுள் என்பது ஏற்கெனவே சாகும்வரைதான். அதைக் குறைக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதால் நடைமுறையில் பலர் வெளியே வருகிறார்கள். ‘எஞ்சிய வாழ்நாள் முழுவதும், குறைப்பு இல்லாமல்’ என்று நீதிமன்றம் கூடுதலாகச் சொல்லும்போது, அரசின் அந்தக் கையைத்தான் கட்டிப்போடுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் உருவாக்கிய நடுவழி

இந்த வழக்கம் நாடாளுமன்றத்தில் பிறக்கவில்லை. 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா எதிர் கர்நாடகா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை வடித்தது. பெங்களூரில் மனைவியைக் கொன்று வீட்டு வளாகத்திலேயே புதைத்த வழக்கு அது. தூக்கு விதிப்பதா என்பதில் முந்தைய இரண்டு நீதிபதிகளுக்கு இடையே கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் மூவர் அமர்வுக்கு வந்தது. நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. ஒரு பக்கம் தூக்கு. மறுபக்கம், நடைமுறையில் பதினான்கு ஆண்டுகளாகச் சுருங்கிவிடும் ஆயுள் தண்டனை. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லையென்றால், பதினான்கு ஆண்டு போதாது என்று நினைக்கும் நீதிபதி தூக்கின் பக்கம் தள்ளப்படுவார். எனவே நடுவே ஓர் இடம் வேண்டும். குற்றவாளியை வாழ்நாள் முடியும்வரை விடுவிக்கக் கூடாது என்று அந்த வழக்கில் உத்தரவிட்டார்கள். அதன்பிறகு இருபது, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்வரை குறைப்பு கூடாது என்று எல்லை கட்டும் தீர்ப்புகளும் வரத் தொடங்கின.

அரசின் அதிகாரத்தை நீதிமன்றம் இப்படிப் பறிக்கலாமா என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. தமிழ் வாசகர்களுக்கு அந்த வழக்கு நன்றாகவே தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகளை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு 2014 பிப்ரவரியில் எடுத்த முடிவை எதிர்த்து மத்திய அரசு தொடுத்த வழக்குதான் அது. ‘இந்திய ஒன்றியம் எதிர் ஸ்ரீஹரன் என்ற முருகன்’ என்பது அதன் பெயர். 2015 டிசம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். பெரும்பான்மையினர் ஷ்ரத்தானந்தா வழியை உறுதிசெய்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட தண்டனையை உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம், விசாரணை நீதிமன்றம் விதிக்கக் கூடாது என்று ஒரு வரம்பும் போட்டார்கள். நீதிபதிகள் லலித்தும் சாப்ரேயும் மாறுபட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு தண்டனையை நீதிமன்றம் உண்டாக்க முடியாது என்பது அவர்கள் நிலை. அந்த மாறுபட்ட தீர்ப்பு வலுவானது என்று நான் நினைக்கிறேன். ஒரு மனிதரின் முழு வாழ்நாளையும் எடுத்துக்கொள்ளும் தண்டனையை மக்கள் பிரதிநிதிகள் விவாதித்துச் சட்டமாக்கியிருக்க வேண்டும்.

சில குற்றங்களுக்குச் சட்டமே அப்படிச் சொல்லவும் செய்கிறது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் வன்கொடுமைக் குற்றங்களின் கடுமையான வகைகளுக்கு ‘எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதுமான சிறை’ என்ற சொற்கள் சட்டத்திலேயே இடம்பெற்றன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை தொடர்கின்றன. இந்தக் குற்றங்களில் விசாரணை நீதிமன்றமே அந்தத் தண்டனையை விதிக்கலாம்.

இவ்வளவு அடைத்தாலும் இந்தியாவில் ஒரு வழி திறந்திருக்கிறது. குடியரசுத் தலைவருக்கு அரசியல் சாசனத்தின் 72ஆவது பிரிவும், ஆளுநருக்கு 161ஆவது பிரிவும் தரும் மன்னிப்பு அதிகாரத்தை எந்த நீதிமன்றமும் முன்கூட்டியே பறிக்க முடியாது. ஸ்ரீஹரன் தீர்ப்பே அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழி எப்படிப்பட்டது என்பதற்குப் பேரறிவாளன் வழக்கையே பாருங்கள். 1991 ஜூனில், பத்தொன்பது வயதில் கைதானவர். தூக்குத் தண்டனை 2014இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அவரை விடுவிக்கலாம் என்று மாநில அமைச்சரவை 2018இல் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமலே ஆண்டுகள் ஓடின. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவின் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. எஞ்சிய ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரில் வெளியே வந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு ‘குறைப்பு கூடாது’ என்ற தடையே இல்லை. அவர்களுக்காகப் பேச ஒரு மாநிலமே இருந்தது. யாரும் பெயர் அறியாத ஒரு கைதியின் கருணை மனு எந்த அலுவலகத்தில் எத்தனை காலம் கிடக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கா: விதிவிலக்கு வழக்கமானது

இந்தத் தண்டனையின் தாயகம் என்று அமெரிக்காவைச் சொல்லலாம். அங்கே இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பரோல் இல்லாத ஆயுள் தண்டனையில் இருக்கிறார்கள். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. லூசியானா மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் கைதி பத்தரை ஆண்டுகள் ஒழுங்காக இருந்தால் பரிந்துரையின் பேரில் வெளியே வருவது அங்கே வழக்கமாக இருந்தது. 1970களில் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. இன்று அங்கே ஆயுள் என்றால் ஆயுள்தான்.

என்ன நடந்தது? 1972இல் ஃபர்மன் எதிர் ஜார்ஜியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றைய மரண தண்டனை முறையைச் செல்லாததாக்கியது. தூக்குக்கு ஈடான கடுமையோடு வேறொன்று வேண்டும் என்று மாநிலங்கள் தேடின. நான்கு ஆண்டுகளில் மரண தண்டனை திரும்பி வந்துவிட்டது. ஆனால் புதிய தண்டனையும் தங்கிவிட்டது. குற்றங்கள் பெருகிய காலத்தில் கடுமை காட்ட விரும்பிய அரசியல்வாதிகளுக்கு அது பிடித்திருந்தது. மரண தண்டனையை எதிர்த்தவர்களும் அதை வரவேற்றார்கள் என்பதுதான் வேதனை. ‘கொல்ல வேண்டாம், வெளியே வராமல் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஜூரிகளிடம் வாதாட அது உதவியது. இப்படி இரண்டு தரப்பும் கைகொடுத்ததால் அதை எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் போனது. மத்திய அரசு 1984இல் சட்டம் இயற்றி, 1987 நவம்பருக்குப் பிறகு நடக்கும் குற்றங்களுக்குப் பரோல் முறையையே எடுத்துவிட்டது. ஆகவே மத்தியச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை பெறும் எவருக்கும் அது பரோல் இல்லாத ஆயுள்தான்.

தூக்குக்கு மாற்றாக வந்தது தூக்குக்குப் போகவே வாய்ப்பில்லாதவர்கள் மேலும் விழுந்தது. 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஹார்மலின் வழக்கில் குற்றவாளி யாரையும் கொல்லவில்லை. அவரிடம் 672 கிராம் கோகைன் இருந்தது. முன்பு பெருங்குற்றம் எதிலும் தண்டனை பெற்றதில்லை. 650 கிராமைத் தாண்டினால் பரோல் இல்லாத ஆயுள் கட்டாயம் என்றது மிச்சிகன் சட்டம். நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. பின்னாளில் மிச்சிகனே அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. ஹார்மலின் தீர்ப்புக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், 100 டாலர் போலிக் காசோலை கொடுத்த ஒருவருக்கு, வன்முறையற்ற பழைய குற்றங்களையும் சேர்த்து, தெற்கு டகோட்டாவில் இதே தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கும் ஐந்துக்கு நான்குதான். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் ஒருவரின் மொத்த வாழ்நாளும் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு வகையும் உண்டு. கொள்ளையடிக்கப் போன கூட்டத்தில் ஒருவர் சுட்டுவிடுகிறார். வெளியே காரில் காத்திருந்தவரும் கொலைக் குற்றவாளி ஆகிறார். பல அமெரிக்க மாநிலங்களில் அவருக்கும் இந்தத் தண்டனை விழலாம்.

சிறுவர்கள் விஷயத்தில்தான் அமெரிக்க நீதிமன்றம் நின்று யோசித்தது. 2010இல் கிரஹாம் எதிர் ஃப்ளோரிடா: கொலை செய்யாத, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இதை விதிக்கக் கூடாது. 2012இல் மில்லர் எதிர் அலபாமா: கொலையே செய்திருந்தாலும் சிறுவருக்கு இதைக் கட்டாயத் தண்டனையாக வைக்கக் கூடாது, வயதையும் சூழலையும் நீதிபதி பார்த்தாக வேண்டும். 2016இல் மாண்ட்கோமரி எதிர் லூசியானா: இது பழைய கைதிகளுக்கும் பொருந்தும். அந்தக் கடைசி வழக்கின் ஹென்றி மாண்ட்கோமரி 1963இல் ஒரு காவல் அதிகாரியைக் கொன்றபோது அவருக்குப் பதினேழு வயது. நூற்றுக்கணக்கானவர்கள் விடுதலை ஆவதற்கு அவர் வழக்கு வழி திறந்தது. அவருக்கோ பரோல் வாரியம் 2018இலும் 2019இலும் மறுத்தது. 2021 நவம்பரில் வெளியே வந்தபோது வயது எழுபத்தைந்து.

அப்படி வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது நியாயமான கேள்வி. சிறுவயதில் இந்தத் தண்டனை பெற்றவர்கள் மிக அதிகமாக இருந்த நகரங்களில் ஒன்று பிலடெல்பியா. அங்கே விடுவிக்கப்பட்ட 174 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மறுபடி குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் இரண்டே பேர். இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. குற்றச்செயல் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சத்தில் இருந்து, வயது ஏற ஏறச் சரியும் என்பது குற்றவியலில் மிக நன்றாக நிறுவப்பட்ட உண்மைகளில் ஒன்று.

ஐரோப்பா கேட்ட கேள்வி

மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1977இலேயே இதை நேருக்கு நேர் எதிர்கொண்டது. மனித கண்ணியம் மீறப்பட முடியாதது என்று தொடங்கும் சாசனம் அவர்களுடையது. ஆயுள் தண்டனை தன்னளவில் தவறில்லை. ஆனால் மீண்டும் சுதந்திரம் பெறும் உண்மையான வாய்ப்பு ஒவ்வொரு கைதிக்கும் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதன் விளைவாக, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பரிசீலனை என்ற விதி சட்டத்தில் வந்தது. போர்ச்சுகல் 1884லேயே ஆயுள் தண்டனையை ஒழித்துவிட்டது. நார்வேயில் சாதாரணக் குற்றங்களுக்கு உச்ச வரம்பு இருபத்தொரு ஆண்டுகள். ஆபத்தானவர் என்றால் தடுப்புக் காவலை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். கோட்பாட்டளவில் அது சாகும்வரைகூட நீளலாம். ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் நீதிமன்றம் அந்த மனிதரைப் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

பிரிட்டனில் ‘முழு ஆயுள்’ உத்தரவு என்று ஒன்று உண்டு. நூறுக்கும் குறைவானவர்களே அதன்கீழ் இருக்கிறார்கள். மிகக் கொடிய கொலைக் குற்றவாளிகள். அவர்களில் மூவர் தொடுத்த வின்டர் வழக்கில், 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தது. வாழ்நாள் முழுவதும் ஒருவரைச் சிறையில் வைக்கலாம், ஆனால் அந்தச் சிறைவாசம் இன்னும் நியாயமானதா என்று பரிசீலிக்க வழியே இல்லாமல் வைப்பது மனிதத்தன்மையற்ற நடத்தை என்றது. அந்தப் பரிசீலனை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நடக்க வேண்டும் என்பதே சர்வதேசப் போக்கு என்றும் சுட்டியது. நீதிபதிகளில் ஒருவரான ஆன் பவர்-ஃபோர்ட் தனியாக எழுதிய சிறு குறிப்பில் ‘நம்பிக்கைக்கான உரிமை’ என்று இதற்குப் பெயர் வைத்தார். 2017இல் ஹட்சின்சன் வழக்கில் அதே நீதிமன்றம் சற்றுப் பின்வாங்கியது. பிரிட்டிஷ் அமைச்சருக்கு விதிவிலக்கான சூழலில் விடுவிக்கும் அதிகாரம் இருப்பதே போதும் என்று ஏற்றுக்கொண்டது. எனக்கு அது ஏமாற்றமான தீர்ப்பு. அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டிருக்கும் அமைச்சர் ஒருவரிடம் இப்படிப்பட்ட முடிவை விடுவது பரிசீலனை ஆகாது.

இனப்படுகொலை, போர்க்குற்றம் ஆகியவற்றை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் விதிகளும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆயுள் தண்டனையைப் பரிசீலித்தாக வேண்டும் என்கின்றன. உலகின் மிகக் கொடிய குற்றங்களுக்கு இருக்கும் அந்த வாய்ப்பு, மிச்சிகனில் போதைப்பொருள் வைத்திருந்தவருக்கு இல்லாமல் இருந்தது.

தமிழர்கள் வாழும் நாடுகளில் இரண்டு எதிர்த் திசைகளில் நகர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஆயுள் என்றால் இருபது ஆண்டுகள் என்றே கணக்கிட்டு வந்தார்கள். 1997இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இனி அது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்று மாற்றியது; இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பரிசீலனைக்கு மட்டும் இடம் உண்டு. மலேசியாவோ 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியபோது, இயற்கை ஆயுள் முழுவதுமான சிறையையும் சேர்த்தே நீக்கி, முப்பது முதல் நாற்பது ஆண்டுகள் என்று எல்லை வைத்தது. தூக்கை எடுக்கும்போது அந்த இடத்தில் சாகும்வரை சிறையை வைத்துவிடுவதுதான் எளிது. மலேசியா அதைச் செய்யாதது பாராட்டத்தக்கது.

ஆதரிப்பவர்கள் சொல்வது

இந்தத் தண்டனையை ஆதரிப்பவர்கள் எல்லோரும் பழிவெறியில் பேசுவதாக நினைப்பது பெரிய தவறு. அவர்களுடைய வாதங்களில் மூன்று கனமானவை. முதலாவது, சில மனிதர்கள் உண்மையிலேயே ஆபத்தானவர்கள். அவர்களை வெளியே விட்டு இன்னொரு உயிர் போனால் யார் பொறுப்பு? இரண்டாவது, சில குற்றங்களின் கொடுமைக்கு இதைவிடக் குறைந்த எதுவும் ஈடாகாது. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவருக்கு 2020இல் இந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்தத் தீர்ப்பைக் கேட்டவர்களிடம் போய் அது மிகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாவது வாதம்தான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. பரோல் விசாரணை என்பது கைதிக்கு மட்டும் நடப்பதில்லை. கொல்லப்பட்டவரின் தாய் ஒவ்வொரு முறையும் நோட்டீஸைப் பெறுகிறார். மகனைக் கொன்றவரை விடக் கூடாது என்று மறுபடி எழுத வேண்டும், சிலசமயம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் இறந்த பிறகு மகள் அதைச் செய்ய வேண்டும். சாகும்வரை சிறை என்று ஒரே தடவையில் முடிந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இந்த வேதனை இல்லை. இது உண்மையான வலி. பரிசீலனை வேண்டும் என்று வாதிடும் என்னைப் போன்றவர்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் பரிசீலனையை நீண்ட காலம் தள்ளிவைப்பது, மறுத்தால் அடுத்ததற்குப் போதிய இடைவெளி விடுவது, குடும்பம் ஒருமுறை பதிவுசெய்த வாக்குமூலத்தையே திரும்பத் திரும்ப ஏற்றுக்கொள்வது என்று செய்யக்கூடியவை உண்டு. வலி முழுவதும் அதில் போய்விடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆபத்து பற்றிய வாதம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. ஆபத்தானவரை விடாமல் வைத்திருப்பதற்குப் பரிசீலனை தடையாக இல்லை. வாரியம் மறுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மறுக்கலாம். இருபது வயது இளைஞனைப் பார்த்து, அறுபது வயதில் அவன் எப்படி இருப்பான் என்று இன்றே முடிவுசெய்ய வேண்டிய அவசியம் என்ன? அந்தக் கணிப்பைச் செய்யும் திறமை எந்த நீதிபதிக்கும் இல்லை. நாற்பது ஆண்டு கழித்து அவரைப் பார்ப்பவருக்கு அது இருக்கிறது.

தவறான தீர்ப்புகளும் இருக்கின்றன. தூக்குத் தண்டனை வழக்குகளைப் பல நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப அலசுகின்றன, வழக்கறிஞர்களும் தொண்டு அமைப்புகளும் பின்னால் நிற்கிறார்கள், ஊடகங்கள் கவனிக்கின்றன. தூக்கு ஆயுளாக மாறியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. உயிர் தப்பிவிட்டதே என்ற நிம்மதியில் எல்லோரும் அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பவர் நிரபராதியாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அங்கேயே மங்கிவிடுகிறது. மறைந்த போப் பிரான்சிஸ் 2014இல் ஆயுள் தண்டனையை ‘மறைந்திருக்கும் மரண தண்டனை’ என்று சொன்னார்; வாடிகனின் சட்டத்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டே அது நீக்கப்பட்டிருந்தது.

சிறைகளுக்குள் இது எப்படி முடிகிறது என்பதற்கு லூசியானாவின் அங்கோலா சிறையைப் பார்க்கலாம். அங்கே சாகும் தறுவாயில் இருக்கும் கைதிகளுக்கென்று 1990களின் இறுதியில் ஒரு பராமரிப்பு விடுதி தொடங்கப்பட்டது. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், கடைசி இரவுகளில் கூடவே உட்கார்ந்திருப்பதும் பயிற்சி பெற்ற சக கைதிகள். அவர்களில் பலரும் ஆயுள் கைதிகள். சமூகத்துக்கு என்றென்றும் ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் இன்று யார் என்று கேட்க அந்தத் தண்டனைக்குள் இடமில்லை.

தீர்ப்புச் செய்தியை எப்படிப் படிப்பது

அடுத்த முறை இப்படி ஒரு தீர்ப்பு வரும்போது சில விவரங்களைத் தேடிப் பாருங்கள். வெறும் ‘ஆயுள் தண்டனை’யா, ‘எஞ்சிய வாழ்நாள் முழுவதும்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா, குறிப்பிட்ட ஆண்டுகள்வரை குறைப்பு கூடாது என்ற எல்லையா? மூன்றும் வெவ்வேறு தண்டனைகள். ‘இரட்டை ஆயுள்’, ‘சாகும்வரை சிறை’ என்ற தலைப்புகளில் இந்த வேறுபாடு அடிக்கடி கலைந்துபோகிறது. விதித்தது எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவின் கீழ் என்பதும் முக்கியம். கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் ‘குறைப்பு இல்லாத ஆயுள்’ என்று விதித்திருந்தால், ஸ்ரீஹரன் தீர்ப்பின்படி மேல்முறையீட்டில் அது நிற்பது கடினம். குற்றம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்ததா என்பதையும் பாருங்கள்; 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையைச் சிறாருக்கு விதிப்பதைத் தடைசெய்கிறது.

தீர்ப்பின் முழு வாசகம் கிடைத்தால் தண்டனை பற்றிய பக்கங்களைப் படியுங்கள். பல தீர்ப்புகளில் குற்றத்தை விவரிக்க நூறு பக்கங்களும் தண்டனையை நியாயப்படுத்த ஒன்றிரண்டு பக்கங்களும் இருக்கும். தூக்கு விதிப்பதற்கு முன் குற்றவாளியின் பின்னணி, மனநலம், சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளைக் கேட்டுப் பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் தண்டனைக்கும் அதே அறிக்கைகளைக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. உயர் நீதிமன்றங்கள் நினைத்தால் நாளையே தொடங்கலாம்.